தண்டு வலிக்கப் பழகினோம்

ஓடமேறிப் பொழுது போக்குவது என்றால் நம்மவரிற் பலர் புன்னகை செய்வர். படகு என்பது அவர்களுக்கு இரண்டிலொன்று: கடலோரத்தார் உயிரைப் பணயம் வைத்து உழைக்கும் தொழிற்கருவி, அன்றேல் துரைமார் காலத்திலே வந்த செல்வர் விளையாட்டு. மாதச் சம்பளக்காரன் ஒருவன் ஞாயிறு காலையிலே தன் மக்களோடு அமைதியான நீர்ப்பரப்பொன்றிலே தண்டு வலித்து மகிழலாம் என்பது எவர்க்கும் எளிதிலே தோன்றுவதில்லை. கண்டியிலே வாழ்வோர்க்குங் கூட இது தோன்றாதிருப்பதுதான் வியப்பு. நகரின் நடுவே குளம். மூன்று பக்கமும் வளைந்தோடும் மகாவலி. கிழக்கே சிறிது தூரம் பேருந்திற் சென்றால் மலைகளுக்கிடையே கடல்போல் விரிந்து கிடக்கும் விக்டோரியா நீர்த்தேக்கம். நீருக்கு இவ்வூரிற் பஞ்சமில்லை.

துரைமார் விளையாட்டு என்பதிலே உண்மை இல்லாமலில்லை. கொழும்பிலே 1864ஆம் ஆண்டிலும் சென்னையிலே 1867ஆம் ஆண்டிலும் படகோட்டக் கழகங்களைத் தொடக்கியவர்கள் வெள்ளையரே. அவ்விரு கழகத்தாரும் 1898இலேயே தமக்குள் போட்டி நடத்தத் தொடங்கிவிட்டனர். ஆனால் அதே நூற்றாண்டில், 1876இல், நியூயோர்க் நகரிலே ஹெரெஷொவ் என்பவர் இரட்டை உடல் பூட்டிய பாய்ப்படகொன்றைப் போட்டியிலே ஓட்டி, மற்றவரையெல்லாம் பின்னே விட்டார். அத்தகைய படகுக்கு உலகம் முழுதும் இன்று வழங்கும் பெயர் நம்முடைய ‘கட்டுமரம்’ என்னும் சொல்லிலிருந்து போனதே. விளையாட்டு அவர்களுடையதாயினும் சொல் நம்முடையது.

இன்னுமொன்று. வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை முப்பத்திரண்டு அடி நீளமேயுள்ள பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர். எவருடைய கூலிக்காகவுமன்று, தம் விருப்பத்துக்காகவே. அவர் பின்னர் வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் சரக்குக் கப்பலை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்திற் சேர்த்தனர். இன்பத்துக்காகக் கடலோடிய ஒருவனுக்குத் தொழிலுக்காகக் கடலோடியவர் கைகொடுத்த கதை இது. இதனை எம் மாணவருக்குப் பலமுறை கூறியிருக்கிறோம். கூறிய நாம் அன்று முழங்காலளவு நீருக்கும் அஞ்சியவர் என்பதை அவர்கள் அறியார்.

அஞ்சியதற்குக் காரணம் சாதகம். யாழ்ப்பாணத்தின் உள்ளூர்க் கிராமமொன்றிலே பிறந்தோம். ஆறென்பதை அம்மண் அறியாது. அங்கே நீர் என்றால் கிணறுதான். எம் குறிப்பை எழுதிய பெரியவர் ‘நீரிற் கண்டம்’ என்று இரண்டு சொற்களை அதிலே எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அன்று தொட்டு அன்னையார் எம்மைக் கிணற்றுக்கட்டின் அருகிலும் தனியே விட்டதில்லை. ஆடி அமாவாசைக்குக் கீரிமலை சென்றாலும், ஒத்த வயதினர் கேணியிலே குதித்துக் கும்மாளமிட, நாம் படியிலே குந்தியிருந்து செம்பினால் வார்த்துக்கொள்வதே வழக்கம். இவ்வாறே நாற்பது வயது கழிந்தது. கண்டம் எமக்கு நேரவில்லை, நீச்சலும் வரவில்லை.

மகளுக்குப் பன்னிரண்டு வயதாயிற்று. அவள் தோழியர் கூடிக் கண்டிக் குளத்திலே படகேறச் சென்ற ஒரு நாளில், அப்பம்மாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவள் மட்டும் கரையிலே நின்றுவிட்டு வந்தாள். அழவில்லை. இரவு உணவின்போது, “அப்பா, கண்டம் தண்ணீரிலே என்றால், தண்ணீரைப் பற்றித்தானே முதலிலே படிக்க வேண்டும்?” என்றாள். பாடம் சொல்லிப் பிழைப்பவனிடம் கேட்கக்கூடாத கேள்வி! மறுவாரமே இருவரும் நீச்சற்குளமொன்றிற் சேர்ந்தோம்.

படகு பழக விரும்புவோர் இந்த வாயிலாலேயே நுழைதல் வேண்டும் என்பது எம் துணிபு. பெரிய நீச்சல்காரராக வேண்டியதில்லை. மல்லாந்து மிதக்கவும், முகத்திலே நீர் அறைந்தால் பதறாது மூச்சு விடவும் பழகினாற் போதும். எம் மகளுக்கு இதற்கு மூன்று வாரம் சென்றது. எமக்கு மூன்று மாதம்.

அதன் பின்னரே கண்டிக் குளத்திலே வாடகைப் படகேறிச் சுற்றி வந்தோம். 1807ஆம் ஆண்டில், கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன், தென்னாட்டு நாயக்கர் வழி வந்தவன், வயல் கிடந்த பள்ளத்திலே அணைகட்டி உண்டாக்கிய குளம் அது. சிங்களத்திலே அதற்குக் ‘கிரி முஹுத’ என்று பெயர். பாற்கடல் என்பது பொருள். நடுவிலுள்ள தீவிலே அரசன் மண்டபம் அமைத்தான். 1815இல் நாட்டைப் பிடித்த ஆங்கிலேயர் அதனை வெடிமருந்துக் கிடங்காக்கிக்கொண்டனர். இன்பத்துக்கென்று கட்டியதை இப்படி ஆக்க அவர்களால்தான் இயலும்! குளத்தைக் கட்டியவன் வேலூரிலே சிறையிருந்து 1832இல் மாண்டான்.

குளத்துச் சவாரி இனியதே. எனினும், பேருந்தில் ஏறியவன் சாரதியாகிவிடமாட்டான். தண்டு எம் கையிலே இருக்க வேண்டுமல்லவா? மகாவலி ஆறு பேராதனையருகே கண்ணுக்கு மிக அழகியது. ஆனால் புதியவர்க்கு உரியதன்று. பாறைகளுண்டு, சுழிகளுண்டு. மேலே மலையில் மழை பெய்தாலும், கொத்மலை அணையின் கதவு திறந்தாலும், இங்கே வெயில் எறிக்கும்போதே நீர் ஏறிவிடும். தொடங்குகின்றவனுக்கு ஓடாத நீரே வேண்டும்.

அத்தகைய நீரை எமக்குக் காட்டியவர் தெல்தெனியாவைச் சேர்ந்த சிங்கள நண்பர் ஒருவர். விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமுடையது. 1985இல் திறந்து வைக்கப்பட்டது. அதன் பின்னே தேங்கிய நீரிலே பழைய தெல்தெனியா நகரம் அமிழ்ந்துபோயிற்று. நண்பர் அப்போது பள்ளிச் சிறுவன். நீர்த்தேக்கத்தின் ஒதுக்கமான கிளையொன்றிலே எம்மைச் சிறு படகில் ஏற்றிச் சென்றவர், ஓரிடத்தில் தண்டை நிறுத்தி, “சேர், இதற்குக் கீழேதான் எங்கள் கடைத்தெரு,” என்றார். எட்டிப் பார்த்தோம். பச்சை நீரன்றி வேறொன்றும் தெரியவில்லை. அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

துடுப்பு வேறு, தண்டு வேறு. துடுப்பு கையிலே ஏந்திப் போடுவது. போகும் திசையைப் பார்த்து அமரலாம். தண்டோ படகின் விளிம்பிலே பூட்டி வலிப்பது. இதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே முன்னேற வேண்டும். ஆகவே, எதிர்க்கரைக்குப் போகிறவன் விட்டுவந்த கரையிலே ஒரு மரத்தைக் குறி வைத்துக்கொள்கிறான். அந்த மரம் விலகாதிருந்தால் வழியும் விலகாது. இடையிடையே தோளுக்கு மேலாற் பின்னே திரும்பிப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். வலக்கைத் தண்டை மட்டும் வலித்தால் படகு நம் இடப்பக்கம் திரும்பும். இதனை மூளை ஒப்பினாலும் கை ஒப்புவதற்கு நாளாகும். முதல் ஒரு மணி நேரம் நாம் செக்குமாடுபோல் வட்டமிட்டோம். மகள் சிரித்த சிரிப்பு மலையிலே எதிரொலித்தது.

“சேர், பலம் வேண்டாம்,” என்பதே நண்பரின் ஓயாத உபதேசம். அலகு நீருள் மறைந்தாற் போதும். ஆழமாக அமிழ்த்தினால் நீர் தண்டைப் பற்றிக்கொண்டு ஆளைத் தள்ளிவிடும். கையால் மட்டும் இழுப்பவன் விரைவிற் களைப்பான். காலை ஊன்றி, உடலைப் பின்னே சாய்த்து, கடைசியிலேதான் கையை மடக்க வேண்டும். ஏறும்போது படகின் நடுவிலே காலை வைத்து, குனிந்தபடியே அமர வேண்டும். இடம் மாற வேண்டுமாயின் ஒருவர் பின் ஒருவராகவே மாற வேண்டும். உயிர்காப்புச் சட்டையை மடியிலே வைத்திருப்பதிற் பயனில்லை. கொளுவிகளையெல்லாம் பூட்டிய பின், தோளைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கிப் பார்க்கட்டும். சட்டை காதளவுக்கு ஏறினால் அது உங்கள் அளவன்று. அணைக்கட்டை அண்டிச் செல்லலாகாது. இறங்குமுன் உரியவர் அனுமதியும் பெற வேண்டும். காலைப் பொழுதே நல்லது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழை சொல்லாமல் வரும். ஆடி மாதத்திலோ தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி இறங்கி நீரைக் கலக்கும். அப்போது படகைக் கரையிலே கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டிலே புத்தகம் படிக்கலாம்.

நான்காம் வாரம் நண்பர், “இன்று கவிழ்ப்போம்,” என்றார். விளையாட்டாகக் கூறுகிறார் என்று நினைத்தோம். கரைக்கு அருகே, மார்பளவு நீரிலே, மகளைக் கரையிலே நிறுத்திவிட்டு, அவரும் நாமும் ஒரு பக்கமாகச் சாய, படகு புரண்டது. மூக்கினுள் நீர், கண்ணெதிரே பச்சை இருள், செவியிலே ஓர் இரைச்சல். அந்த நொடியிலே எம் நினைவுக்கு வந்தது கடவுளன்று, குறிப்பெழுதிய அந்தப் பெரியவர்தாம். பின்பு சட்டை எம்மை மேலே தூக்கிற்று. கவிழ்ந்த படகின் முதுகு கைக்கெட்டியது, பற்றிக்கொண்டோம். எதனைப் பழக்கினாரோ அது அவ்வளவே: படகை விட்டு நீந்தாதே, கவிழ்ந்தாலும் அது மிதக்கும், மிதப்பதைப் பற்றிக்கொண்டு குரல் கொடு. அன்று மூன்று முறை கவிழ்ந்தோம். மூன்றாம் முறை மகளும் உடனிருந்தாள்.

இதை அன்னையாருக்கு மறைக்கவில்லை. தொலைபேசியிலே எல்லாவற்றையும் கூறியபோது மறுமுனையிலே நெடுநேரம் பேச்சில்லை. பின், “பிள்ளையும் விழுந்தவளோ, தம்பி?” என்று கேட்டார். விழுந்தாள், தானாகவே கரையேறினாள் என்றோம். “சாதகம் எனக்குத் தெரியும். நீ அந்தச் சட்டையை மட்டும் கழற்றாதே,” என்று வைத்துவிட்டார்.

இப்போது மகள் எம்மிலும் நேராகப் படகு விடுகிறாள். நாம் எதிரே அமர்ந்து, அவள் பார்க்க முடியாத திசையைப் பார்த்து, “இடம்”, “வலம்” என்று சொல்லிக்கொண்டு வருகிறோம். தைப்பொங்கல் விடுமுறைக்கு அன்னையார் கண்டிக்கு வருகிறார். படகிலே ஏறுவதாக ஒரு சொல்லும் கூறவில்லை. தமக்கு அளவான சட்டை அங்கே கிடைக்குமா என்று மட்டும் பேத்தியிடம் கேட்டிருக்கிறார்.