உச்சியில் விடைபெற்ற வீரர்

ஒருவருடைய உழைப்பை எதைக் கொண்டு அளப்பது? அவர் எடுத்த எண்ணிக்கையைக் கொண்டா? பெற்ற பரிசுகளைக் கொண்டா? அல்லது இன்னும் எத்தனை நாள் உழைப்பார் என்பதைக் கொண்டா? பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இந்தக் கேள்வியை ஓர் அயல்நாட்டு விளையாட்டு வீரரை வைத்து எண்ணிப் பார்த்தோம். அவர் பெயர் பஸ்டர் போசி. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் என்னும் பேஸ்பால் அணியில் கேட்சராக விளங்கியவர்.

பேஸ்பால் நம் ஊரில் அதிகம் ஆடப்படாத விளையாட்டு. ஆகவே கேட்சர் என்பவர் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நிற்பதுபோல, மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் இருப்பவரே கேட்சர். ஆனால் அவர் நிற்பதில்லை. மட்டைக்கு மிக அருகில் குத்துக்காலிட்டு அமர்ந்திருக்கிறார். மணிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை ஓர் ஆட்டத்தில் நூறு முறைக்குமேல் எதிர்கொள்கிறார். முகத்துக்கும் மார்புக்கும் காலுக்கும் கவசம் உண்டு. ஆயினும் மட்டையில் உரசித் திசைமாறும் பந்து எங்கு தாக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? அடுத்து எவ்வகைப் பந்தை எறிவது என்று எறிபவருக்கு விரல்களால் சைகை காட்டுவதும் போசி ஆடிய காலத்தில் கேட்சரின் பணியே. அணியின் கேடயமும் அவரே, மூளையும் அவரே என்றால் அது மிகையாகாது.

போசி 2009-ஆம் ஆண்டில் ஜயண்ட்ஸ் அணிக்காக முதன்முதலாகக் களமிறங்கினார். 2010, 2012, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்த அணி உலகத் தொடரை வென்றபோது அவர்தாம் கேட்சர். 2012-இல் தம் லீக்கின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதையும் பெற்றார். ஆனால் புகழுக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. 2011 மே 25 அன்று, ரன் எடுக்க ஓடிவந்த எதிரணி வீரர் மோதியதில் அவருடைய கால் எலும்பு முறிந்தது. அவ்வாண்டு அவரால் மீண்டும் ஆட இயலவில்லை. இத்தகைய மோதல்களைக் கட்டுப்படுத்தும் விதி 2014-இல் வந்தது. 2018-இல் இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 2019-இல் அவர் அடித்த ஹோம் ரன்கள் ஏழே ஏழு. கொரோனா பரவிய 2020-இல், குறைமாதத்தில் பிறந்த இரட்டைப் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்திருந்த அவர், அவர்களின் நலன் கருதி ஆட்டத்தையே ஒதுக்கிவிட்டார்.

இனி அவர் அவ்வளவுதான் என்று எவரும் எண்ணக்கூடிய நேரத்தில் 2021 வந்தது. 34 வயதில் மீண்டும் முகக்கவசம் அணிந்தார். அணியின் 162 ஆட்டங்களில் 113-இல் ஆடினார். மற்ற நாள்களில் அவருடைய உடலுக்கு ஓய்வு அளிக்கப்பட்டது. பேஸ்பாலில் பத்து வாய்ப்பில் மூன்று முறை பந்தை நன்கு அடித்தாலே ஒருவர் சிறந்த ஆட்டக்காரர். போசியின் சராசரி ஆயிரத்துக்கு 304. ஹோம் ரன்கள் 18. அணியோ 107 ஆட்டங்களில் வென்று, தன் நெடிய வரலாற்றிலேயே இல்லாத சாதனையைப் படைத்தது. மீண்டு வந்த சிறந்த வீரர் என்ற விருதும் போசிக்குக் கிடைத்தது.

அடுத்த ஆண்டும் அவரை வைத்துக்கொள்ளவே அணி விரும்பியது. அதற்குரிய சம்பளம் 2 கோடியே 20 லட்சம் டாலர். ஆனால் 2021 நவம்பர் 4 அன்று போசி ஓய்வை அறிவித்தார். உடல் வேதனையோடு ஆடுவது கடினமாகிவிட்டது, குடும்பத்தோடு இருக்க விரும்புகிறேன் என்பதே அவர் சொன்ன காரணத்தின் சாரம்.

இது சரியா? எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. "நன்றாக ஆடும்போது நம்பியிருப்போரை விட்டுப் போகலாமா?" என்றனர் சிலர். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 2022-இல் ஜயண்ட்ஸ் 81 ஆட்டங்களில் வென்று 81-இல் தோற்றது. அத்தனைக்கும் ஒருவர் இல்லாமையே காரணம் ஆகாது. எனினும் அவருடைய இடம் வெறுமையாய்த் தெரிந்தது உண்மை.

ஆயினும் நாங்கள் முடிவில் போசியின் பக்கமே நின்றோம். எண்ணிக்கைகள் 'இன்னும் ஆடலாம்' என்றன. ஆனால் குத்துக்காலிட்டு அமரும்போது முழங்கால் படும் பாடு எந்த எண்ணிக்கையிலும் எழுதப்படுவதில்லை. அதை அறிந்தவர் அவர் ஒருவரே. முடியாமல் போய் விலகுபவர் பலர். முடியும்போதே 'போதும்' என்று சொல்ல அதைவிடத் துணிவு வேண்டும் அன்றோ!

மேலும் அவர் அணியை அடியோடு பிரிந்துவிடவில்லை. 2022-இல் அதன் உரிமையாளர்களுள் ஒருவரானார். 2024 செப்டம்பரில் வீரர்களைத் தேர்ந்தெடுத்து அணியை உருவாக்கும் தலைமைப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் விட்டுச்சென்ற இடத்தில் 2023 முதல் பேட்ரிக் பெய்லி என்ற இளைஞர் ஆடி, 2024-இல் சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதையும் வென்றார். ஒருவர் எழுந்து இடம் விட்டதால் இன்னொருவர் வளர்ந்தார்.

தோழியரே, நமக்கும் விரைவில் மதிப்பெண் பட்டியல் வரப்போகிறது. அதில் உள்ள எண்களை மதிப்போம். அவை உழைப்பின் சான்றுகள். ஆனால் எண்களுக்குள் அடங்காத வலியும் பொறுப்பும் ஒவ்வொருவரிடமும் உண்டு. பிறரை எடைபோடும்போது அவற்றையும் தராசில் வைப்போம்.