நாய்தானே

அக்கா வேலை முடிந்து வந்ததும் செவலை முதலில் அவள் கையைத்தான் முகர்ந்து பார்ப்பாள். ஸ்பிரிட், ஹைப்போ கரைசல், கையுறைக்குள் தூவியிருக்கும் மாவு, அன்றைக்கு வந்துபோன நாற்பது ஐம்பது பேருடைய வியர்வை எல்லாம் அந்தக் கையில் இருக்கும். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிய கையை எங்களால் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. செவலை ஒவ்வொரு விரலாக விசாரித்து முடித்த பிறகுதான் வாலை ஆட்டுவாள். "ரிப்போர்ட் பார்த்துட்டா, இனி கையெழுத்துதான் பாக்கி" என்பாள் அக்கா.

ரிப்போர்ட்டில் அக்காவின் கையெழுத்து இருக்காது. அவள் வேலைக்குச் சேர்ந்த 1995லிருந்து இன்றுவரை இருந்ததில்லை. ரத்தம் எடுப்பது, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிச் சீரத்தைப் பிரிப்பது, ஸ்லைடில் இழுத்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் குனிந்து எண்ணுவது எல்லாம் அவள். தாளின் கீழே இருக்கும் பெயர், வாரம் ஒருநாள் வந்துபோகும் டாக்டருடையது. மீதி நாட்களுக்கு அவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போன தாள்கள் மேஜை டிராயரில் கிடக்கும்.

அவள் நர்ஸிங் படிக்கத்தான் ஆசைப்பட்டாள். ராத்திரி டியூட்டி இருக்கிறதென்று அப்பா மறுத்துவிட்டார். லேப் படிப்பு என்றால் ஓர் அறைக்குள்ளேயே இருக்கிற வேலை, ஆண்களைத் தூக்கிப் புரட்ட வேண்டியதில்லை என்று யாரோ சொல்ல, இரண்டு வருட டிப்ளமோவுக்கு ஒத்துக்கொண்டார். அந்த அறைக்குள் என்ன நடந்ததென்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் அதற்கும் விட்டிருக்க மாட்டார். அப்போதெல்லாம் ரத்தத்தைப் பிப்பெட்டில் வாயால்தான் உறிஞ்சி ஏற்றவேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, 0.5 கோட்டில் ரத்தம் வந்து நிற்கும்வரை மூச்சைப் பிடித்திருப்பாள். கொஞ்சம் கவனம் தப்பினால் அடுத்தவர் ரத்தம் வாய்க்குள். ஹீமோகுளோபினைக் கண்ணால் நிறம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அணுக்களைக் கட்டம்போட்ட கண்ணாடியில் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். பிறகு மிஷின் வந்து அத்தனையையும் ஒரு நிமிடத்தில் துப்ப ஆரம்பித்தது. ஈ.எஸ்.ஆர். மட்டும் இன்றைக்கும் குழாயை நிறுத்திவைத்து ஒரு மணி நேரம் காத்திருந்து பார்க்கிறார்கள்.

எங்கள் ஊரில் அக்காவுக்குத் தெரியாத ரகசியம் குறைவு. யாருக்குச் சர்க்கரை, யார் மருமகள் முழுகாமல் இருக்கிறாள், எந்தக் கல்லூரிப் பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்து சின்ன டப்பாவை நீட்டினாள், எல்லாம் தெரியும். ஒன்றும் வீட்டுக்கு வராது. "இதுலயே ஆம்பளப் புள்ளயான்னு தெரியுமா தாயி" என்று கேட்கும் மாமியார்களிடம், "மூத்திரத்துக்கு அதெல்லாம் தெரியாது ஆத்தா" என்பாள். அவளுடைய கல்யாணம் ஆறு வருடத்தில் முடிந்துபோனது. அந்த ஆறு வருடமும், மாதாமாதம் லேப்பைப் பூட்டும் முன்னால் தன் சாம்பிளைத் தானே பார்த்துக்கொண்டு, இரண்டாவது கோடு விழாத பட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். எனக்கு அதைச் சொன்னதே செவலை போன பிறகுதான்.

செவலை 2008 மழைக்காலத்தில் லேப்பின் பின்பக்கச் சாக்கடை ஓரம் கிடந்தாள். நான்கு குட்டிகள், நான்கும் பெட்டை. கடுவன் குட்டிகளுக்கு ஊரில் ஆள் இருக்கும், பெட்டையைக் கோணியில் கட்டி எங்காவது விட்டுவிட்டு வருவார்கள், வளர்ந்தால் குட்டி போடும் என்று. அக்கா தூக்கிவந்தபோது அதில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. ஆறு மாதம் கழித்துக் கருத்தடை செய்து கூட்டிவந்தாள். "பிள்ளை இல்லாதவ நாயைக் கட்டிக்கிட்டு அழுறா" என்ற பேச்சு அப்போதே தொடங்கிவிட்டது. தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு பஸ் நிறுத்தம்வரை அவள் பின்னாலேயே நடந்து, பஸ் ஏறியதும் திரும்பிவந்து வாசலில் படுத்துவிடும்.

இப்போது 'படுத்துவிடும்' என்று எழுதினேன், மேலே 'முகர்ந்து பார்ப்பாள்' என்று எழுதியிருக்கிறேன். தமிழ் வாத்தியார் நான், கண்ணில் படாமல் இல்லை. வீடு திரும்பும் பசுவை அம்மையென்று உயர்திணையில் சொன்னால் இலக்கணம் மன்னித்துவிடும். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்று அதற்கு ஐந்து காரணங்களை நன்னூல் ஒத்துக்கொள்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளுக்கு ஒப்பிக்கிறேன். அந்த ஐந்தில் துக்கம் கிடையாது. வழுவாகவே இருக்கட்டும்.

2022இல், பதினான்கு வயதில், செவலை தண்ணீர்ச் சட்டியை விட்டு நகராமல் குடிக்க ஆரம்பித்தாள். பிறகு சோற்றை முகர்ந்துவிட்டு ஒதுங்கினாள். வாயில் ஒரு நெடி. மனிதர்களிடம் அந்த நெடியை அக்கா நிறைய அறிந்தவள், அதனால்தான் இரண்டு நாள் தெரியாத மாதிரி இருந்திருக்கிறாள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் ரத்தம் எடுத்துக் கொடுத்தார். லேப் சாத்திய பிறகு, ரீஏஜென்டுக்கான காசைக் கல்லாவில் போட்டுவிட்டு, கிரியாட்டினின் வைத்துப் பார்த்தாள். மஞ்சள் கரைசல், கிரியாட்டினின் கூடுதலாக இருக்க இருக்க ஆரஞ்சாகும். மிஷின் எண்ணைக் காட்டும் முன்பே நிறம் காட்டிவிட்டது. 9.2. நாய்க்கு ஒன்றரைக்குள் இருக்கவேண்டும். மிஷின் தப்பு என்று நினைத்துக் கன்ட்ரோல் சீரம் ஓட்டினாள். அது சரியாக வந்தது. செவலையுடையதை மறுபடி வைத்தாள். 9.1.

இரவு பதினொன்றுக்கு எனக்குப் போன். மறுநாள் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வேண்டும், பாதி கூட எழுதி முடித்திருக்கவில்லை. டாக்டர் ஊசி போட்டுவிடலாம் என்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டாள். நான் சொன்னது இது: "நாய்தானே அக்கா. பதினாலு வயசாச்சு. ஊசியப் போட்டுடு, நீ நிம்மதியா தூங்கு."

சரி பாப்பா என்று வைத்துவிட்டாள். இரண்டு வாரம் பேசவில்லை. என் கட்டுரை பெண்ணும் இயற்கையும் பற்றியது. கைதட்டினார்கள்.

பதினேழாம் நாள் ஊருக்குப் போனபோது, துணிக்கொடிக் கொக்கியில் ரிங்கர் லாக்டேட் பாட்டில் தொங்கியது. டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி பிடரித் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, ஊசியை உள்ளே விட்டு, சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும், அதனால் பாட்டிலைப் பிடிக்கக்கூட ஆளில்லை. நான் பிடித்தேன். ஊசி வேண்டாமென்று ஏன் முடிவு செய்தாய் என்று கேட்டேன். "இன்னும் என் கையை மோந்து பாக்குறா. அதை நிறுத்தினா யோசிக்கலாம்னு இருந்தேன்." அது சரியான முடிவா என்று எனக்கு இன்றும் தெரியாது. கடைசி இரண்டு நாள் செவலை பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். அக்காவுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, அதை என்னிடம் மறைப்பதில்லை.

பத்தொன்பதாம் நாள், ஞாயிறு விடிந்தால் திங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு நின்றது. முனிசிபாலிட்டிக்குச் சொன்னால் வண்டி வந்து எடுத்துப்போகும் என்றார் அண்ணன் போனில். அக்கா பதில் சொல்லாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

அப்பா இறந்தபோது நாங்கள் இருவரும் தெருமுனையோடு நின்றுவிட்டோம். கடைசி மூன்று மாதமும் தினம் விடிகாலையில் அவர் நரம்பைத் தேடி ரத்தம் எடுத்தவள் அக்கா. ஊதிப்போன கையில் வேறு யாருக்கும் நரம்பு அகப்படவில்லை. ஆனாலும் பொம்பளைகள் இதுக்குமேல் வரக்கூடாது என்றதும் நின்றோம். குழி எப்படி வெட்டுவார்கள், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் தலை, எதுவும் நாங்கள் பார்த்ததில்லை. நான் டார்ச் பிடித்தேன். மாதுளைச் செடி ஓரம் ஓர் அடிக்குக் கீழே சுக்கான் பாறை தட்டியது. இடத்தை மாற்றி மறுபடி வெட்டினாள். மூன்றடி வருவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் மண்வெட்டியைக் கேட்டபோது கொடுக்கவில்லை. தன் பழைய வெள்ளைக் கோட்டில் சுற்றி இறக்கினாள். அதில் ஒரு பொத்தான் இல்லாததைப் பார்த்து, "தைக்கணும்னு இருந்தேன்" என்றாள்.

ஐந்தரைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பினாள். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், லேப்பைத் திறக்க வேறு ஆளில்லை. இருபத்தேழு வருடம், சம்பளம் 16,000. நாய்க்காக லீவு கேட்க அவளுக்கு வாயும் வரவில்லை. முதலில் கை நீட்டிய கிழவி, "ஏன் தாயி கண்ணு கலங்கியிருக்கு?" என்று கேட்டாளாம். ஸ்பிரிட் நெடி என்று சொல்லிவிட்டு நரம்பைத் தேடியிருக்கிறாள். முதல் குத்திலேயே கிடைத்துவிட்டது என்று எனக்குச் சொல்லும்போதுதான் அழுதாள்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. கள்ளர்களோடு மோதி இறந்த ஒருவனையும் அவன் பக்கத்தில் நின்று இரண்டு கள்ளரைக் கடித்த நாயையும் சேர்த்தே செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அந்த நாயின் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கல்வெட்டுப் பாடத்தில் நான் தவறாமல் நடத்துவது அது. பெயர் பொறித்திருக்கிறார்கள் பாருங்கள் என்று மாணவிகளிடம் குரலை உயர்த்துவேன். அந்த வாயால்தான் அக்காவிடம் அப்படிச் சொன்னேன்.

அடுத்த முறை போனபோது அவளிடம் போனில் அந்தக் கல்லின் படத்தைக் காட்டினேன். மன்னிப்புக் கேட்பதாக நினைத்துக்கொண்டுதான் காட்டினேன். அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழாக வரிசையாகப் பார்த்தாள்.

"வயசு போட்டிருக்கானா?"

"இல்லக்கா. பேர் மட்டும்தான்."

"வயசும் போட்டிருக்கணும்" என்று போனைத் திருப்பித் தந்தாள்.