கம்பியில் கோத்த காகிதங்கள்

செவிலிமேட்டில் எங்கள் வீடு சாலைக் கிணற்றுக்கு நடந்துபோகும் தூரம். ராமானுஜர் நாள்தோறும் வரதருக்குத் தீர்த்தம் கொண்டுபோனதாகச் சொல்வார்களே, அந்தக் கிணறு. வீட்டில் குழித்தறிக்கு மேலே சுவர் ஆணியில் ஒரு கம்பி தொங்கும். அடியில் வட்டமாக ஒரு மரக்கட்டை, மேல்முனை கூராகி வளைந்திருக்கும். பட்டும் ஜரிகையும் நிறுத்து வாங்கிய சீட்டு, கூலிச் சீட்டு, கரண்ட் பில், உறவுக்காரர் கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான் ஏறும். "கம்பியில கோத்து வைடா" என்பார் அப்பா.

பின்னாளில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். முதல் நாளே மேசை நிறையக் காகிதங்களை வைத்து, "இதெல்லாம் ஃபைல் பண்ணிடுங்க தம்பி" என்றார் கண்காணிப்பாளர். பல ஆண்டுகள் அந்தச் சொல்லோடுதான் பிழைத்தேன். அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் அகராதியைப் புரட்டியபோது எனக்குக் கண் நிறைந்தது. லத்தீனில் 'ஃபிலும்' என்றால் நூல். ஐரோப்பிய அலுவலகங்களில் காகிதங்களை நூலிலோ கம்பியிலோ கோத்துத் தொங்கவிடுவார்கள். அந்தச் செயலைக் குறித்த பிரெஞ்சு வினைதான் ஆங்கிலத்துக்குப் போய் 'ஃபைல்' ஆயிற்று. தறிக்கு மேலே அப்பா செய்துகொண்டிருந்ததும் அதுவேதான்.

1956 ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு அலுவலகத் தமிழில் நிலைபெற்ற 'கோப்பு' என்ற சொல்லும் 'கோ' என்ற வினையிலிருந்து வந்தது. பூவைக் கோக்கிறோம், மணியைக் கோக்கிறோம், ஊசியில் நூலைக் கோக்கிறோம், கையோடு கை கோக்கிறோம். பலரும் இதைக் 'கோர்க்கிறோம்' என்று எழுதுவார்கள். நானும் அப்படி எழுதிப் பள்ளியில் சிவப்பு மை வாங்கியிருக்கிறேன். பேச்சில் 'பார்த்தான்' 'பாத்தான்' ஆகிறது, 'சேர்த்தான்' 'சேத்தான்' ஆகிறது. எழுதும்போது அந்த 'ர்' திரும்பி வருகிறது. அந்தப் பழக்கத்தில், இல்லாத 'ர்' 'கோத்தா'னுக்குள்ளும் புகுந்துவிட்டது என்று நினைக்கிறேன். சேர்வை, போர்வை போலக் கோர்வையும் பிறந்தது. இலக்கணப்படி 'கோவை' என்றிருக்க வேண்டும். ஆனால் காஞ்சிபுரத்தில் போய்க் கோர்வைச் சேலையைக் கோவைச் சேலை என்று சொன்னால், கோயம்புத்தூரிலிருந்து வந்த சரக்கா என்று கேட்பார்கள். நெசவாளியின் வாயில் நிலைத்த சொல்லைத் திருத்த எனக்கு மனம் வருவதில்லை.

அந்தக் கோர்வையை அம்மாவின் கையில் பார்த்து வளர்ந்தவன் நான். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். அப்பா உடலுக்கான நாடாவை ஓட்டுவார். அம்மா வலப்பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைப் பார்த்துக்கொள்வார். ஒவ்வோர் இழையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றித் திரும்ப வேண்டும். ஒருவர் கை பிந்தினால் மற்றவர் கை காத்திருக்கும். சேலை நைந்து கிழிந்தாலும் கரை மட்டும் தனியே பிரிந்து வராது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

தறியில் இன்னொரு கோப்பும் உண்டு. லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டுவாக்கில் உருவாக்கிய பெட்டி எங்கள் தெருத் தறிகளின் தலைக்கு மேலும் உட்கார்ந்திருந்தது. அதில் துளையிட்ட அட்டைகளை வரிசையாக நூலால் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஓர் அட்டை இடம் மாறினால் மயிலின் கழுத்து ஒடிந்துபோகும். அலுவலகத்தில் காகிதங்களுக்குப் பக்க எண் போட்டு, மூலையில் துளையிட்டு, டேக் கட்டும்போதெல்லாம் எனக்கு அந்த அட்டைகள்தான் நினைவுக்கு வரும்.

அக்கா மகள் பின்லாந்தில் எஸ்போ நகரில் வேலை பார்க்கிறாள். ஃபைல் பண்ணுவதற்கு அங்கே என்ன சொல்கிறார்கள் என்று போனில் கேட்டேன். "ரெண்டு மூணு வார்த்தை இருக்கு மாமா" என்றாள். ஆவணக் காப்பகத்துக்குச் சேர்ப்பது 'ஆர்கிஸ்டொய்டா'. உறைக்குள் அடுக்கி வைப்பது 'மபிட்டா'. அந்த உறைக்குப் பெயர் 'மப்பி', சுவீடன் மொழி வழியாக வந்த சொல். அதன் வேரைத் தேடிப் போனால் லத்தீன் 'மாப்பா' நிற்கிறது. அதற்குத் துணி என்று பொருள். நிலப்படத்தைக் குறிக்கும் ஆங்கில 'மேப்'பும் அந்தத் துணியில் கிழித்த துண்டுதான். அரத்தால் இரும்பை அராவுவதையும் ஆங்கிலத்தில் 'ஃபைல்' என்றே சொல்வார்கள். அதன் வேர் வேறு. பின்லாந்துக்காரர்கள் அதற்கு 'வீலட்டா' என்று தனி வினை வைத்திருக்கிறார்கள். நமக்கும் 'அராவு' இருக்கிறது.

அப்பா போன பிறகு தறியைப் பிரித்தோம். கம்பியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். கம்பியில் கோத்த காகிதங்களில் கடைசியாக வந்தது மேலே இருக்கும், முதலில் வந்தது அடியில் கிடக்கும். அடியிலுள்ளதைப் பார்க்க வேண்டுமானால் எல்லாவற்றையும் உருவ வேண்டும். ஒரு மதியம் முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவினேன். அடியில் மக்கிப்போயிருந்தது ஒரு ஜரிகைச் சீட்டு. எடைக்கு நேரே அம்மாவின் கோணல் கையெழுத்து. அதை முதலில் கம்பியில் ஏற்றி, மற்றவற்றை அதே வரிசையில் திரும்பவும் கோத்து மாட்டினேன்.