தாழ்ப்பாள்

அம்மா பயணங்களில் தண்ணீர் குடிக்கமாட்டாள். பஸ் ஏறுவதற்கு முன் இரண்டு மடக்கு, இறங்கி யார் வீட்டுக்காவது போய்ச் சேர்ந்த பிறகு ஒரு சொம்பு. நடுவில் எட்டு மணி நேரமானாலும் பத்து மணி நேரமானாலும் மடியில் இருக்கும் பாட்டிலின் மூடி திறக்காது. சின்ன வயதில் அது முழுக்க எனக்கான தண்ணீர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் இன்னொரு வேடிக்கை, எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டதே தண்ணீர்தான். அப்பா மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் 20 லிட்டர் கேன் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் மூன்று சக்கர சைக்கிள், பிறகு கடன் வாங்கி ஒரு டாடா ஏஸ். ஊரில் எல்லோரும் குட்டியானை என்று சொல்கிற அதே வண்டி. அம்மா பள்ளிக்கூட டீச்சர். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலை திரும்பி வரும்வரை அங்கேயும் இதே கதைதான். முப்பது வருஷ சர்வீஸ் அப்படியே போனது.

2022இல் அப்பா இறந்தார். அடுத்த வருஷம் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் அம்மாவுக்குக் குளிர் ஜுரம். சிறுநீர்ப் பாதையில் ஆரம்பித்த தொற்று சிறுநீரகம்வரை ஏறியிருந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்டார், "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?" அம்மா நிதானமாகத் திருப்பிக் கேட்டாள், "வீட்லயா, வெளியிலயா?"

டாக்டர் வாட்டர் பாட்டில் எடுத்துப் போகச் சொன்னார். பாட்டில் எப்போதுமே இருந்தது. பாட்டில் பிரச்சினையே இல்லை.

அந்த ஐந்து நாளில்தான் எனக்குப் பழைய படம் ஒன்று ஞாபகம் வந்தது. 2021 தொடக்கத்தில் ஆனந்த் மஹிந்திரா ட்விட்டரில் பகிர்ந்து எல்லோர் போனிலும் சுற்றிய ஆட்டோ வீடு. நாமக்கல் பக்கத்து ஆளான அருண் பிரபு என்ற இளம் கட்டடக் கலைஞர் கட்டியது. பெயர் 'சோலோ 0.1'. பழைய மூன்று சக்கர வண்டியின் மேல் 36 சதுர அடி. படுக்கை, சமையல் மேடை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சோலார், மொட்டைமாடி மாதிரி உட்கார மேலே ஒரு நிழல். பழைய பொருட்களையும் சேர்த்துச் செலவு சுமார் ஒரு லட்சம். சென்னை, மும்பை சேரிகளில் வீடுகள் இடத்தை எப்படிப் பயன்படுத்துகின்றன என்று ஆராய்ந்ததிலிருந்து அவருக்கு வந்த யோசனை அது. பிக்கப் வண்டி மேல் இப்படி ஒன்று செய்து தர முடியுமா என்று மஹிந்திரா கேட்டிருந்தார். படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் படுக்கையையும் மாடியையும் வியந்தார்கள். நான் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தது வேறொன்றை. அந்த 36 சதுர அடிக்குள் ஒரு கழிப்பறையும் இருந்தது.

எங்களிடம் பிக்கப் இருந்தது. அப்பாவின் ஏஸ், கேன் அடுக்கும் கம்பிகளோடு கீழே பார்க்கிங்கில் தூசி படிந்து நின்றது.

அம்மா முதலில் திட்டினாள். "கல்யாணத்துக்குப் பணம் சேக்குற வயசுல கக்கூஸ் கட்டறேங்கிறியேடி." ரெண்டு நாள் கழித்து அவளாகவே வந்து இரண்டு நிபந்தனை சொன்னாள். ஒன்று, துணிச் சுவர் கூடாது. இரண்டு, உள்ளிருந்து தாழ்ப்பாள்.

துணி வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை கூடாரத்தில் தங்கியிருக்கிறாள். உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் உடை மாற்ற, வெளியே நின்ற அத்தனை பேருக்கும் நிழல் தெரிந்திருக்கிறது. வெளிநாட்டு மடக்குக் கேம்பர்கள் பெரும்பாலும் இப்படித்தான், கூரை மேலே எழும்பும், நடுவில் கேன்வாஸ். எங்களுக்கு வேண்டியது கெட்டிச் சுவர். அதே சமயம் மடங்கவும் வேண்டும். ஏனென்றால் எங்கள் அபார்ட்மென்டின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் உத்தரத்தின் அடிப்பாகம் ஏழு அடி. ஏஸின் தளமே தரையிலிருந்து இரண்டேகால் அடிக்கு மேல். மடக்கினால் ஏழடிக்குள் நுழைய வேண்டும், விரித்தால் உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும். அமெரிக்காவில் 1950களிலேயே அலாஸ்கன் என்று ஒரு கேம்பர் வந்திருக்கிறது. பெரிய டப்பா சின்ன டப்பாவின் மேல் கவிழ்ந்து, ஹைட்ராலிக்கில் ஏறி இறங்கும். முடியாத காரியம் இல்லை என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது சட்டம். உற்பத்தியாளர் கொடுத்த அசல் வடிவத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அதனால் வண்டியில் ஒரு வெல்டும் வைப்பதில்லை, ஒரு ஓட்டையும் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். நாங்கள் செய்வது பெட்டி. ஏற்றலாம், இறக்கலாம், பெல்ட் போட்டு இழுத்துக் கட்டலாம். ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. முன் கேபினில் ஓட்டுபவருக்கும் இன்னொருவருக்கும் இடம் உண்டு. எங்கள் வீட்டில் இருப்பதே ரெண்டு பேர்.

வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கிங்கிலேயே நடந்தது. அப்பாவிடம் வருஷக்கணக்காகக் கேன் வாங்கிய கார்பென்டர் அண்ணன் கூலியைக் குறைத்துக்கொண்டு வந்தார். ட்ரில் சத்தத்துக்கு அசோசியேஷனிலிருந்து இரண்டு முறை ஆள் வந்தது. மூன்றாம் முறை வந்தவரை அம்மா உட்காரவைத்துக் காபி கொடுத்து, ஆஸ்பத்திரிக் கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். அவர் அதன்பிறகு வரவில்லை. அவருடைய மனைவி வந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

அளவுகளை நான்தான் வரைந்தேன். பெட்டி ஏழடி நீளம், நாலே முக்கால் அடி அகலம். கீழ்ச்சுவர் மூன்றரை அடி நிலையாக நிற்கும். அதன் விளிம்பில் கீல் வைத்து இரண்டே முக்கால் அடியில் மேல்சுவர். கூரையைத் தூக்கியதும் மேல்சுவர்களை நிமிர்த்திக் கொக்கி போட்டால் ஆறேகால் அடி உயரம் கிடைக்கும். முன்னும் பின்னும் உள்ள சுவர்கள் கூரையிலிருந்து தொங்கும். அலுமினியச் சட்டம், வெளியே கடை போர்டுகளுக்கு அடிக்கிற ஏசிபி ஷீட், நடுவில் வெயிலுக்காக ஃபோம். பலகை ஒவ்வொன்றும் ஒரு அங்குல கனம்.

முதல் முறை மடக்கிப் பார்த்தபோது வலப்பக்கச் சுவரும் இடப்பக்கச் சுவரும் நடுவில் முட்டிக்கொண்டு கூடாரம் மாதிரி நின்றன. இரண்டே முக்காலும் இரண்டே முக்காலும் ஐந்தரை. அகலமோ நாலே முக்கால். 9 அங்குலம் இடிக்கிறது. மாதக்கணக்காக லேப்டாப்பில் வரைந்தவள் இந்த ஒரு கூட்டலைப் போடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கார்பென்டர் அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கீழே கிடந்த அட்டைப் பெட்டியை எடுத்து மூடிக் காட்டினார். "ஒரு பக்கம் கீழ போனா இன்னொண்ணு மேல ஏறும், அவ்ளோதான பாப்பா." வலப்பக்கக் கீலை ஒரு அங்குலம் உயர்த்தி, அந்தச் சுவரை ஒரு அங்குலம் குறைத்தோம். ஒன்றின் மேல் ஒன்று தட்டையாகப் படுத்தது.

கூரைதான் பெரிய வில்லங்கம். புதுப்பேட்டையில் பழைய கார் டிக்கிகளின் கேஸ் ஸ்ட்ரட் நான்கு வாங்கி மூலைக்கு ஒன்றாக வைத்தேன். நான்கும் ஒரே வேகத்தில் தள்ளவில்லை. ஒரு மூலை முந்தியதும், கோணலாகச் சிக்கிய மேஜை டிராயர் மாதிரி, கூரை பாதியில் நின்றது. ரெண்டு ஆம்பிளை சேர்ந்து தள்ளினால்தான் அசைந்தது. இது அம்மா தனியாகத் தூக்க வேண்டிய கூரை. நான் இல்லாத நேரத்தில் அவளால் திறக்க முடியாதென்றால் செய்ததற்கே அர்த்தம் இல்லை.

"ஏன் அடியில இருந்து தள்றீங்க? மேல இருந்து இழுங்களேன்" என்றாள் அம்மா. அவள் வளர்ந்தது கிணற்று வீட்டில். குடம் நிறையத் தண்ணீரை ஏழு வயதுப் பெண் இழுக்கிறாள் என்றால் அது கையின் பலமில்லை, கப்பியின் பலம். நான்கு மூலையிலும் கப்பி, நான்கு கம்பிக்கயிறும் பின்பக்கம் ஒரே வின்ச்சில் வந்து சேரும்படி மாற்றினோம். படகு இழுக்கிற சின்னக் கைவின்ச். நான்கு கயிறும் ஒரே உருளையில் சுற்றுவதால் நான்கு மூலையும் ஒன்றாகத்தான் எழும்பியாக வேண்டும். நீளத்தில் வரும் நூலளவு வித்தியாசத்தைச் சரிசெய்ய ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு திருகு. கயிறு அறுந்தாலும் கூரை தலையில் விழாதபடி தூண்களில் ஊசி. நாற்பது சுற்று. அம்மா பேசிக்கொண்டே சுற்றினாள்.

உள்ளே பெஞ்சு இரண்டு, அதுவே படுக்கை. அலமாரியில் குழாய் வைத்த ஒரு 20 லிட்டர் கேன், அப்பா கடையில் மிஞ்சியது. கதவுக்குப் பக்கத்து மூலையில் இரண்டரைக்கு இரண்டரை அடியில் மடக்குத் தடுப்பு, அதற்குள் கையில் தூக்கிச் செல்லும் ரசாயனக் கழிப்பறை. அதன் கீழ்த் தொட்டியும் 20 லிட்டர்தான். வீட்டுக்கு வந்து கழிப்பறையில் கொட்டிக் கழுவிவிடலாம். கதவின் தாழ்ப்பாளை மட்டும் அம்மாவே கடைக்குப் போய் வாங்கி வந்தாள். பித்தளை, ஒரு சாண் நீளம். அந்த ஏசிபி கதவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத, பழைய வீட்டு வாசலில் இருக்கிற மாதிரி ஒன்று.

ஐப்பசி மழைதான் சோதனை. மூன்று இடத்தில் ஒழுகியது. ஓடு வேய்கிறவருக்குத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை: மேலிருப்பது எப்போதும் கீழிருப்பதற்கு வெளியே படிய வேண்டும். நான் இரண்டையும் நேருக்கு நேர் ஒட்டவைத்து சிலிக்கானை நம்பியிருந்தேன். கீல் வரிசை முழுக்க வெளிப்பக்கம் ரப்பர் மடிப்பு அடித்தோம். இரண்டு நின்றது. மூன்றாவது இன்னும் சொட்டுகிறது. அதற்குக் கீழே ஒரு டம்ளர்.

ஓட்டக் கார் லைசென்ஸே போதும். இந்த எடை வண்டிக்கு அது செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்திருந்தது. 2025 ஜனவரியில் தரங்கம்பாடிக்குக் கிளம்பினோம். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது பக்கத்தில் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் மூடிவிடுவாளோ என்று பயம். பாட்டில் காலியானது. அரைமணி கழித்து, "ஓரமா நிறுத்து" என்றாள், எதையோ கண்டுபிடித்தவள் மாதிரி.

இது இங்கேயே முடிந்திருந்தால் எங்கள் வீட்டுக் கதையாகவே இருந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் பூ வாங்க வேண்டும் என்று அதே வண்டியில் மயிலாப்பூர் போனோம். மாட வீதிப் பக்கம் விடியற்காலை. அவள் வழக்கமாக வாங்குகிற பூக்கார அம்மா வண்டியைப் பார்த்து, "இன்னா டீச்சர், டிபன் கடையா?" என்றார். அம்மா விளக்கினாள். அவர் முழம் போட்ட கை அப்படியே நிற்கக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரலை இறக்கி, "தாழ்ப்பா இருக்குதா உள்ள?" என்றார்.

அவர் நாலு மணிக்கு வந்தால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வீடு. "வயக்கமா போற எடத்துல தாழ்ப்பா இல்ல டீச்சர். வாசல்ல ஒருத்திய காவலுக்கு வெச்சிட்டுத்தான் போவணும். அவ யாவாரமும் போச்சு, எங் யாவாரமும் போச்சு. அதுக்குத் தண்ணி குடிக்காமலே இருந்துரலாம்."

அம்மாவிடம் படித்த ஒருத்தி டி. நகரில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தபோது இனிப்போடு வீட்டுக்கு வந்திருந்தாள். உட்காரவே ஒரு சட்டம் வேண்டியிருந்த ஊர் இது. அன்றைக்கும் நாங்கள் கொடுத்த தண்ணீரைப் பாதிதான் குடித்தாள், திரும்ப ஷிப்ட் இருந்தது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

அம்மா வின்ச்சின் கைப்பிடியை எடுத்தாள். வீதி ஓரத்தில், பால் வண்டிகளும் கோலம் போடுகிறவர்களும் பார்க்க, நாற்பது சுற்று. கூரை எழும்பியது. சுவர்களை நான் நிமிர்த்தினேன். பூக்கார அம்மா கூடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படி ஏறினார். பித்தளை உள்ளே இழுபட்டு விழுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

அவர் இறங்கி வரும்போது எதிர்வரிசையில் வாழையிலை விற்கும் பெண்ணும், கீரைக்காரப் பாட்டியும் வந்து நின்றிருந்தார்கள். அம்மா முழத்துக்கு நாலு விரல் கூடுதலாகவே அளந்து வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது பூக்கார அம்மா ஜன்னலில் கை வைத்துக் கேட்டார். "அடுத்த வெள்ளிக்கியமையும் வண்டி வருமா டீச்சர்?"

தொட்டி 20 லிட்டர். எத்தனை பேருக்கு வரும் என்று நான் மனதில் வகுத்துக்கொண்டிருந்தேன். இந்தமுறை கணக்கைச் சரியாகப் போட்டேன், போதாது. அம்மா கணக்கெல்லாம் போடவில்லை.

"எத்தன மணிக்கு வரணும்?" என்றாள்.