கீலமும் விரலும்

எமது கல்லூரி ஆய்வுகூடத்திற்கென அக்ரிலிக் கீலங்களை வட்டவாள் மேசையில் அறுக்குந்தோறும் மாணவர்க்கு நாம் முதலில் உணர்த்துவது ஒன்றே: ஒடுங்கிய கீலம் வாளுக்கும் அளவுச்சட்டத்துக்கும் இடையே அகப்படலாகாது. அகப்பட்டால், சுழலும் பற்கள் அதனைப் பற்றி அறுப்பவரை நோக்கி அம்பென வீசிவிடும். ஆதலின், அகன்ற தகடே சட்டத்தைச் சார்ந்து செல்ல, கீலம் வாளின் மறுபுறத்தே தடையின்றிப் பிரியவேண்டும். ஒவ்வொரு கீலத்துக்கும் சட்டத்தை நகர்த்தி அளப்பது சலிப்புத்தான். எனினும், சலிப்புக்கு அஞ்சி விரலை இழப்பார் உண்டோ?

அக்ரிலிக் ஏறத்தாழ 105 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். மிக மெதுவாகத் தள்ளின் உருகி வாளில் ஒட்டும். மிக விரைந்தால் விளிம்பு சிதறும். நுண்பல் வாள், சீரான வேகம், கண்காப்புக் கண்ணாடி, தள்ளுகட்டை ஆகிய நான்கும் வேண்டும். வாள் முற்றாக நின்ற பின்னரே கீலத்தைத் தொட நாம் இசைவோம்.