புள்ளி நான்கு கிரியாட்டினின்

“கீமோ போடுகிற டாக்டர்” என்றுதான் மருத்துவப் புற்றுநோயியல் நிபுணர்களான எங்களுக்குப் பெயர். ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கு வரும் நோயாளி அப்படிச் சொன்னால் குறையில்லை. பிற துறை மருத்துவர்களே சொல்வதுதான் உறுத்துகிறது. இப்போது அதற்கும் மேலே போய், நெறிமுறை செல்போனில் இருக்கிறது, மருந்தேற்ற நர்ஸ் இருக்கிறார், தனியாக ஒரு நிபுணர் எதற்கு என்கிறார்கள். 1984-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் நாட்டிலேயே முதன்முதலாக இந்தத் துறைக்கு டி.எம். படிப்பைத் தொடங்கி, எம்.டி. முடித்தவர்களை மறுபடி மாணவர்களாக உட்கார வைத்தது, பாட்டில் தொங்கவிடக் கற்றுக்கொடுக்க அல்ல.

கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தை எடுத்துக்கொள்வோம். கால்வெர்ட் சூத்திரம் 1989-லிருந்து இருக்கிறது: ஏ.யு.சி. (ரத்தத்தில் மருந்தின் மொத்த வெளிப்பாடு) இலக்கை, ஜி.எஃப்.ஆருடன் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 25 கூட்டிப் பெருக்கினால் அளவு வந்துவிடும். சிக்கல் அந்த ஜி.எஃப்.ஆரில். 55 வயதுப் பெண், எடை 40 கிலோ, கிரியாட்டினின் 0.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். காக்ராஃப்ட்-கால்ட் கணக்கில் ஜி.எஃப்.ஆர். 100 வரும், ஏ.யு.சி. 5-க்கு 625 மில்லிகிராம். ரிப்போர்ட்டைப் பார்ப்பவர்கள் “கிட்னி அருமை” என்பார்கள். கிட்னி அருமையாக இருந்து வந்த 0.4 அல்ல அது. சாப்பாடு இறங்காமல், கிரியாட்டினினைத் தரும் தசை கரைந்ததால் வந்தது. அதையே, குறைந்தபட்ச வரம்பாக, 0.7 என்று கொண்டு போட்டால் 410 சொச்சம்தான். இடையிலுள்ள இருநூற்றுச் சொச்சம் மில்லிகிராமுக்கு எலும்பு மஜ்ஜை பதில் சொல்லும். மூன்றாம் வாரம் பிளேட்லெட் காட்டிக்கொடுக்கும்.

0.7 மட்டும் வேதவாக்கா என்று கேட்கலாம். இல்லைதான். சிலர் 0.6 வைக்கிறார்கள், சிலர் 0.8. கண்ணை மூடிக்கொண்டு அளவைக் குறைத்தால், குணமாக வாய்ப்புள்ளவருக்கு மருந்து போதாமல் போகும். அதனால்தான் தோள்பட்டையின் மெலிவையும் அல்புமினையும் சென்ற சுழற்சியின் ரத்த எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க ஆள் வேண்டும் என்கிறேன். செயலி பெருக்கலில் தப்பு செய்யாது. தனக்குக் கொடுத்த எண்ணைச் சந்தேகிக்கவும் செய்யாது. நிபுணர்கள் குறைவு, மாவட்டங்களில் கூட்டம் அதிகம் என்பதும் நியாயமான வாதமே. அங்கே மருந்தேற்றட்டும், பயிற்சி பெற்ற மருத்துவ அலுவலர் பார்த்துக்கொள்ளட்டும். முதல் சுழற்சியின் அளவை மட்டும் நிபுணர் ஒருவர் தொலைபேசியிலாவது சரிபார்த்துவிட வேண்டும்.

இங்கேதான் சங்கத்துக்கு வேலை. இந்திய மருத்துவ, குழந்தைகள் புற்றுநோயியல் சங்கம் ஆய்விதழ் நடத்துகிறது, மாநாடு கூட்டுகிறது, நல்லது. ஆனால் மாநாட்டு மேடை என்றாலே புது மருந்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் பழைய கார்போபிளாட்டினுக்குக் கிடைப்பதில்லை. இளையவர்களும் மரபணு மாற்றங்களை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள், 0.4-ஐக் கண்டால் பேனா நிற்பதில்லை. மெலிந்த நோயாளிக்கு அளவு போடுவது எப்படி என்று நம் ஊர் உடம்புக்கேற்ற ஒரு பக்கக் குறிப்பைச் சங்கம் அச்சிட்டு ஒவ்வொரு டே-கேர் வார்டிலும் ஒட்டினால், நாங்கள் எதற்கு என்று கேட்பவர்களும் அங்கேயே நின்று படித்துக்கொள்வார்கள்.