கேள்விமுறை

'முஹோமாட்ஸு' என்ற ஜப்பானியப் பெயரைத் தமிழில் கொண்டுவர ஒரு மாசம் மல்லாடினேன். இனாகாகி ஹிரோஷியின் படத்தில் வருகிற ரிக்‌ஷாக்காரன். அவன் பெயர் மாட்ஸுகோரோ. முஹோமாட்ஸு ஊர் வைத்த பட்டம். 'மு' என்றால் இன்மை, 'ஹோ' என்றால் சட்டம். 'சட்டமில்லாத மாட்ஸு' என்று எழுதிப் பார்த்தேன். மரச்சட்டம் போடாத சுவர்ப்படம்தான் ஞாபகம் வந்தது. 'போக்கிரி' சின்னதாகிவிடுகிறது. போதாததற்கு, புத்த தர்மத்தைக் குறிப்பதும் அதே 'ஹோ' எழுத்துதான்.

மாட்ஸு முரடன். ஆனால் செத்துப்போன ராணுவ அதிகாரியின் மனைவிக்கும் பிள்ளைக்கும் ஆயுள் முழுக்க உழைக்கிறவன். அவளிடம் அவன் மனசைத் திறக்கிற காட்சியை 1943இல் தணிக்கைக்காரர்கள் வெட்டினார்கள். இனாகாகி 1958இல் மிஃபுனேயை வைத்துத் திரும்ப எடுத்தார்; வெனிஸில் தங்கச் சிங்கம் கிடைத்தது. சட்டமில்லாதவன் யார் என்ற கேள்வி அந்த வெட்டிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது.

"அராஜகம்னு போடேன்" என்றார் நண்பர். அதற்கு ஜப்பானியர்களிடம் தனிச் சொல் உண்டு: முஸெய்ஃபு, அரசாங்கம் இல்லாதது. நம்முடையது ராஜா இல்லாதது. நான் புதுக்கோட்டைக்காரன். 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனில் சேர்ந்தது. ராஜகோபாலத் தொண்டைமான் ஆட்சி முடிந்தது. வார்த்தைப்படி மறுநாள் காலையில் எங்களூரில் அராஜகம் ஆரம்பித்திருக்க வேண்டும். அப்பா அன்றும் கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கியதாகச் சொல்வார்.

போன மாசம் ஆலங்குடிப் பக்கம் எங்கள் கிராமத்துக்குப் போயிருந்தேன். கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்து வாய்க்காலில் மண்ணைக் கொட்டி யாரோ வேலி போட்டிருந்தார்கள். சின்னம்மா மேட்டில் நின்று காட்டினாள்.

"கேள்விமொறை இல்லாமப் போச்சு தம்பி."

சட்டென்று நின்றுவிட்டேன். ராஜா இல்லை, சட்டம் இல்லை, தர்மம் இல்லை என்று அவள் சொல்லவில்லை. கேட்க ஆள் இல்லை என்கிறாள். எந்த அகராதியையும் நான் இந்தப் பக்கம் திருப்பவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன். எழுதி முடிக்கிறவரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாட்ஸுவுக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. பட்டத்தை அப்படியே ஜப்பானியத்திலேயே விட்டுவிட்டேன். பஸ் புதுக்கோட்டைக்குள் நுழைகிறபோதுதான், மண் கொட்டியது யார் என்று நான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது.